நீடித்த பொருட்கள்: பணம் ஒரு நாளில், பயன் பல ஆண்டுகளில்

‘நீடித்த பொருட்கள் என்றால் நெடுநாள் உழைக்கும் பொருட்கள், அவ்வளவுதானே? அதற்கு ஏன் பொருளாதாரத்தில் தனி வகை, தனிப் புள்ளிவிவரம், மாதாமாதம் தலைப்புச் செய்தி?’ இதுதான் கேள்வி.

கேள்வியின் முதல் பாதி ஓரளவு சரி. கார், குளிர்சாதனப் பெட்டி, சலவை இயந்திரம், மேசை நாற்காலி, கணினி என்று யாரும் ஒரு பட்டியல் போட்டுவிடலாம். ஆனால் ஒரு பொருள் எவ்வளவு கெட்டியானது என்பதில் பொருளாதார அறிஞர்களுக்கு அவ்வளவு அக்கறை கிடையாது. அவர்கள் பார்ப்பது ஓர் இடைவெளியை. பணம் கொடுப்பது ஒரு நாள், பயன் கிடைப்பது பல வருடம். பெட்ரோலையோ சோப்பையோ எடுத்துக்கொண்டால் வாங்குவதும் தீர்ப்பதும் கிட்டத்தட்ட ஒரே சமயத்தில் நடந்துவிடுகிறது. காரில் அப்படி இல்லை. இந்த வகையைப் பற்றிச் சொல்லப்படும் சுவாரசியமான விஷயங்கள் ஏறக்குறைய எல்லாமே இந்த இடைவெளியிலிருந்துதான் கிளம்புகின்றன.

ஒரு நாட்டின் உற்பத்தியையும் செலவையும் எப்படிக் கணக்கிடுவது என்று ஐ.நா.வும் வேறு சில அமைப்புகளும் சேர்ந்து வெளியிட்ட தேசியக் கணக்கு முறையின் 2008 பதிப்பில் இதற்கு அழகான ஓர் உதாரணம் உண்டு: நிலக்கரி. பொருள் என்ற அளவில் அது எத்தனை காலம் வைத்தாலும் கெடாது. ஆனால் ஒரு முறைதான் எரிக்க முடியும், அதனால் அது நீடித்த பொருள் ஆகாது. ஓராண்டுக்கு மேல் திரும்பத் திரும்பவோ தொடர்ச்சியாகவோ பயன்படுத்த முடிகிறதா என்பதுதான் அந்த முறையின் அளவுகோல். அமெரிக்காவின் பொருளாதாரப் பகுப்பாய்வு அலுவலகம் இன்னும் கொஞ்சம் கறார்: சராசரி ஆயுள் குறைந்தது 3 ஆண்டுகளாவது இருக்க வேண்டும். அவர்கள் கணக்கில் புத்தகம் நீடித்த பொருள், வார இதழ் அப்படியல்ல. துணிமணியும் காலணியும் அங்கே நீடிக்காத பக்கம் போய்விடுகின்றன. ஐ.நா.வின் நுகர்வு வகைப்பாட்டிலோ அவற்றுக்கு ‘அரை நீடித்தவை’ என்று நடுவில் ஓர் இடம் இருக்கிறது. ஆக, இந்தக் கோடு இயற்கை போட்டது இல்லை, கணக்கெழுதுகிறவர்கள் போட்டது. இரண்டு நாடுகளின் எண்களை ஒப்பிடும்போது இதை மறந்துவிட்டால் வம்புதான்.

இன்னொரு குழப்பம், வாங்குவது யார் என்பதில் வருகிறது. ஒரே மாதிரி இரண்டு கார்கள் ஒரே நாளில் விற்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றை ஒரு குடும்பம் வாங்குகிறது, அது நுகர்வுச் செலவு. இன்னொன்றை ஒரு வாடகைக் கார் நிறுவனம் வாங்குகிறது, அது முதலீடு. காரில் வித்தியாசம் ஏதும் இல்லை. ‘நீடித்த பொருட்கள்’ என்று பொதுவாகச் சொன்னால் தொழிற்சாலை இயந்திரமும் விமானமும்கூட அதில் அடங்கும். ‘நீடித்த நுகர்வுப் பொருட்கள்’ என்றால் குடும்பங்கள் வாங்குபவை மட்டும். செய்திகளில் இரண்டையும் மாற்றி மாற்றிப் போடுவதை அடிக்கடி பார்க்கலாம்.

வீட்டின் கதை தனி. அதைவிட நெடுநாள் நிற்கும் பொருள் ஒரு குடும்பத்திடம் வேறு இருக்காது, ஆனால் தேசியக் கணக்கில் புது வீடு நுகர்வில் வராது, முதலீட்டில்தான் வரும். சொந்த வீட்டில் குடியிருப்பவர் தனக்குத்தானே வாடகை கொடுத்துக்கொள்வதாக ஒரு தொகையை மதிப்பிட்டு அதையும் நாட்டின் உற்பத்தியில் சேர்க்கிறார்கள். சொந்தக் கார் வைத்திருப்பவர் தனக்குத்தானே கார் வாடகை கொடுப்பதாக யாரும் எழுதுவதில்லை. வீட்டுக்குள் குடும்பத்தினரே தங்களுக்காகச் செய்துகொள்ளும் சேவைகளை உற்பத்தியாக எண்ணுவதில்லை என்ற விதியின் தொடர்ச்சி இது. கார் ஓட்டுவதும் துணி துவைப்பதும் அந்த விதிக்குள் அடங்கிவிட, வீடு மட்டும் விதிவிலக்காகிவிட்டது. தர்க்கப்படி பார்த்தால் இது முரண்தான். கணக்கு போட வேண்டுமே என்பதற்காக எல்லோரும் ஒத்துக்கொண்ட முரண். தங்கம், ஓவியம் போல மதிப்பைச் சேமிக்க என்றே வாங்கி வைக்கப்படுபவற்றுக்கு ‘மதிப்புடைமைகள்’ என்று இன்னொரு தலைப்பு இருக்கிறது, அதனால் அவை இங்கே சேர்வதில்லை.

இந்த முரணைப் பொருளாதார அறிஞர் மில்டன் ஃப்ரீட்மன் 1957-இல் தன் நுகர்வுக் கோட்பாட்டில் வேறு விதமாகத் தீர்த்தார். கார் வாங்கும் நாளில் நடப்பது நுகர்வே அல்ல, அது ஒரு வகைச் சேமிப்பு. அந்த ஆண்டில் கார் தரும் பயனும் அதன் தேய்மானமும்தான் நுகர்வு. இப்படிப் பார்த்தால் ஒரு குடும்பம் திடீரென்று கையில் வந்த பணத்தில் சலவை இயந்திரம் வாங்குவது ஊதாரித்தனம் ஆகாது. வங்கியில் போட வேண்டியதை இயந்திரத்தில் போட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான். எனக்கு இந்தப் பார்வை பிடிக்கும். ஆனால் நடைமுறைப் புள்ளிவிவரங்கள் இதன்படி எழுதப்படுவதில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். வாங்கிய நாளிலேயே முழு விலையும் செலவாகப் பதிவாகிவிடுகிறது.

சரி, இந்த இடைவெளியால் என்ன ஆகிறது? ஒரு சின்னக் கணக்கு போட்டால் புரிந்துவிடும். ஒரு நாட்டு மக்களிடம் 100 சலவை இயந்திரங்கள் இருக்கின்றன. ஆண்டுக்கு 10 பழுதாகி ஒழிகின்றன. எல்லாம் நிலையாக இருந்தால் ஆண்டு விற்பனை 10. இப்போது மக்களின் வருமானம் கொஞ்சம் கூடி, ‘நம்மிடம் 105 இருந்தால் நன்றாக இருக்கும்’ என்ற நிலை வருகிறது. விரும்பும் இருப்பு கூடியது 5 சதவீதம்தான். ஆனால் அந்த ஆண்டில் தேய்ந்ததை ஈடுகட்ட 10, கூடுதலாக 5, மொத்தம் 15 விற்கும். விற்பனை 50 சதவீதம் எகிறுகிறது. அடுத்த ஆண்டு விருப்பம் அதே 105-இல் நின்றால், தேய்வதை ஈடுகட்டப் பத்தரை போதும். யாருடைய வருமானமும் குறையவில்லை, யாருக்கும் மனம் மாறவில்லை, ஆனாலும் விற்பனை 15-லிருந்து பத்தரைக்கு விழுந்துவிடுகிறது.

எதிர்ப்பக்கம் இன்னும் கொடுமை. 100 வேண்டாம், 95 போதும் என்று ஆனால் விற்பனை பாதியாகிறது. 90 போதும் என்றால் அந்த ஆண்டு ஒன்றுகூட விற்காது. சோப்புக்கு இப்படி நடக்காது. விருப்பம் 10 சதவீதம் குறைந்தால் சோப்பு விற்பனையும் 10 சதவீதம் குறையும், அதோடு போயிற்று. மக்கள் கையில் ஏற்கெனவே கிடக்கும் இருப்புக்குப் பக்கத்தில் ஓர் ஆண்டின் விற்பனை சிறியது. இருப்பில் ஏற்படும் லேசான அசைவும் விற்பனையில் பெரிய அதிர்ச்சியாக இறங்குகிறது. பொருளாதார மந்தம் வரும்போதெல்லாம் கார் ஆலைகளும் இயந்திர ஆலைகளும் முதலில் அடி வாங்குவதற்குப் பின்னால் இருக்கும் எளிய கணக்கு இதுதான்.

இதோடு சேர்வது, தள்ளிப்போடும் வசதி. பழைய கார் இன்னும் ஓராண்டு ஓடும், பழுது பார்த்தால் இரண்டாண்டுகூட ஓடும். அதனால் வேலை என்ன ஆகுமோ என்ற பயம் வந்த உடனே முதலில் நிற்பது இந்த வகைச் செலவு. வருமானம் நிஜமாகவே குறைய வேண்டிய அவசியம்கூட இல்லை, நிச்சயமின்மை போதும். அமெரிக்காவில் 1929 அக்டோபரில் பங்குச் சந்தை சரிந்தபின் நடந்ததை கிறிஸ்டினா ரோமர் 1990-இல் வெளியிட்ட ஆய்வில் இப்படித்தான் விளக்கினார். பங்கு விலை விழுந்ததில் மக்கள் இழந்த பணத்தைவிட, அடுத்து என்ன ஆகுமோ என்ற குழப்பம்தான் அவர்களை நீடித்த பொருட்களை வாங்காமல் நிறுத்தியது என்பது அவர் வாதம். கெட்டுப்போகும் பொருட்களின் விற்பனை அப்படி விழவில்லை என்பதை அவர் முக்கியமான சான்றாக வைத்தார். அமெரிக்க மோட்டார் வாகன உற்பத்தி 1929-இல் சுமார் 53 லட்சம், 1932-இல் சுமார் 13 லட்சம். மூன்றே ஆண்டுகளில் கால்வாசி. மக்களின் சாப்பாடு கால்வாசி ஆகவில்லை என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

அந்தக் காலகட்டத்தில் இன்னொரு சமாசாரமும் இருந்தது, இது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. 1920-களில் அமெரிக்கக் குடும்பங்கள் தவணையில் வாங்கக் கற்றுக்கொண்டிருந்தன. ஜெனரல் மோட்டார்ஸ் 1919-லேயே கடன் கொடுப்பதற்கென்று துணை நிறுவனம் ஒன்றைத் தொடங்கிவிட்டது. தவணை தவறினால் பொருளும் போகும், அதுவரை கட்டிய பணமும் போகும் என்பது அன்றைய நடைமுறை. மார்த்தா ஓல்னி என்ற பொருளாதார வரலாற்றாசிரியர் காட்டியது: 1930-இல் மக்கள் காரைக் காப்பாற்றிக்கொள்வதற்காக மற்றச் செலவுகளை வெட்டினார்கள். பயன் பின்னால் வருகிறது, பணத்தையும் பின்னால் கொடுக்கலாம் என்றுதான் தவணை முறை வளர்ந்தது. கெட்ட காலத்தில் அதே தவணை மற்ற எல்லாச் செலவையும் இறுக்கிவிட்டது.

வட்டி விகிதத்துக்கும் இந்தப் பொருட்களுக்கும் உள்ள நெருக்கத்தைக் கடனை வைத்து மட்டும் விளக்குவது வழக்கம். அது போதாது. கைப்பணத்தில் வாங்கினாலும் வட்டி கணக்கில் வரும், ஏனென்றால் அந்தப் பணத்தை வேறெங்காவது போட்டிருக்கலாம். ஒரு பொருளை ஓராண்டு வைத்திருக்க ஆகும் செலவு என்ன? விட்டுக்கொடுத்த வட்டி, அதோடு தேய்மானம். விலை ஏறும் என்று தெரிந்தால் அதைக் கழித்துக்கொள்ள வேண்டும், இறங்கும் என்றால் கூட்டிக்கொள்ள வேண்டும். விலை 100, வட்டி 8 சதவீதம் என்று வையுங்கள். கட்டடம் போல ஆண்டுக்கு 2 தேயும் பொருளுக்கு வைத்திருக்கும் செலவு 10. கைப்பேசி போல ஆண்டுக்கு 40 தேயும் பொருளுக்கு 48. இப்போது வட்டி 5 ஆகக் குறைகிறது. முதலாவதின் செலவு 10-லிருந்து 7 ஆகிறது, 30 சதவீதம் இறக்கம். இரண்டாவது 48-லிருந்து 45, வெறும் 6 சதவீதம். ஆயுள் நீள நீள வட்டியின் பிடி இறுகுகிறது. மத்திய வங்கி வட்டியை அசைக்கும்போது வீடும் காரும் முதலில் அசைவதும், கைப்பேசிச் சந்தை அவ்வளவாக அசையாததும் இதனால்தான். அடுத்த ஆண்டு விலை குறையும் என்று நன்றாகத் தெரிந்தும் மக்கள் மின்னணுப் பொருட்களை வாங்கிக்கொண்டே இருப்பதற்கும் இதே கணக்கில் பதில் உண்டு. ஓராண்டு பொருள் இல்லாமல் இருப்பதன் இழப்பு, காத்திருந்தால் மிச்சமாகும் தொகையைவிடப் பெரிது.

தள்ளிப்போட முடிகிற செலவை முன்னால் இழுக்கவும் முடியும். அரசுகளுக்கு இது நன்றாகத் தெரியும். அமெரிக்கா 2009 கோடையில் பழைய கார்களைக் கொடுத்துப் புதிது வாங்குபவர்களுக்கு மானியம் கொடுத்தது. 300 கோடி டாலர் ஒதுக்கீடு, சில வாரங்களில் சுமார் 6,80,000 கார்கள். விற்பனை எகிறியது உண்மை. ஆனால் ஆதிஃப் மியானும் அமீர் சூஃபியும் பின்னர் ஆராய்ந்தபோது, அடுத்து வந்த மாதங்களில் விற்பனை அதற்கேற்பக் குறைந்துவிட்டது தெரிந்தது. எப்படியும் வாங்கப்போகிறவர்கள் கொஞ்சம் முன்னால் வாங்கியிருந்தார்கள். ஜப்பானில் 2014 ஏப்ரலில் நுகர்வு வரி 5-லிருந்து 8 சதவீதமானது. வரி ஏறும் முன் கார்களையும் வீட்டுச் சாதனங்களையும் மக்கள் முண்டியடித்து வாங்கினார்கள், ஏப்ரலுக்குப் பிறகு கடைகள் காற்று வாங்கின. பள்ளத்தை நிரப்ப உதவும் என்று தெரிந்தே செய்தால் இந்த மாதிரி மானியம் தப்பில்லை என்பேன். புதுத் தேவையையே உருவாக்கிவிட்டோம் என்று மார்தட்டுவதுதான் ஏற்க முடியாதது.

மந்தம் வந்தால் இந்தப் பொருட்கள் விழும் என்ற விதியைப் புரட்டிப்போட்டது 2020. அமெரிக்காவில் முதல் சில வாரங்கள் சரிந்த விற்பனை பிறகு பெருந்தொற்றுக்கு முந்தைய அளவையும் தாண்டிப் போனது. வெளியே போகவோ பயணம் செய்யவோ முடியாததால் சேவைகளுக்குப் போயிருக்க வேண்டிய பணம் கணினிக்கும் உடற்பயிற்சிக் கருவிக்கும் மேசை நாற்காலிக்கும் போனது. மின்னணுச் சில்லுகளின் தட்டுப்பாட்டால் புதுக் கார் கிடைக்காமல், 2021 ஜூனில் அமெரிக்க நுகர்வோர் விலைக் குறியீட்டில் பழைய கார்களின் விலை முந்தைய ஆண்டைவிட 45 சதவீதம் ஏறியிருந்தது. ஓட்டிய கார் விலை ஏறுவது எவ்வளவு அபூர்வம் என்பதை நினைத்துப் பாருங்கள்.

பழைய கார் என்றதும் இந்தத் தலைப்பில் எனக்கு மிகவும் பிடித்த பகுதிக்கு வந்துவிட்டோம். நீடித்த பொருளைச் செய்கிறவருக்கு ஒரு வினோதமான போட்டியாளர் உண்டு: நேற்று அவரே விற்ற சரக்கு. பொருளாதார அறிஞர் ரொனால்ட் கோஸ் 1972-இல் இதை எல்லை வரை இழுத்துப் பார்த்தார். ஒரு நாட்டின் நிலம் முழுவதும் ஒரே ஆளிடம் இருக்கிறது என்று வையுங்கள். முற்றுரிமை, இஷ்டத்துக்கு விலை வைக்கலாம் என்று தோன்றும். அதிக விலை கொடுக்கத் தயாராக இருப்பவர்களுக்கு முதலில் விற்கிறார். மீதி நிலம் சும்மா கிடக்கிறது, அதைக் கொஞ்சம் குறைத்து விற்றாலும் லாபம்தான், எனவே குறைக்கிறார். பிறகு இன்னும் குறைக்கிறார். இது இப்படித்தான் போகும் என்பது வாங்குகிறவர்களுக்கும் தெரியும். அப்படியானால் முதல் நாளே யார் அதிக விலை கொடுப்பார்கள்? எல்லோரும் காத்திருப்பார்கள். கடைசியில் அவர் ஆரம்பத்திலேயே போட்டிச் சந்தையின் விலைக்கு இறங்கிவர வேண்டியதுதான். தன் எதிர்கால உருவத்தோடு தானே போட்டி போட்டுத் தோற்கும் முற்றுரிமையாளர்!

தப்பிக்கும் வழிகளையும் கோஸே சொன்னார். விற்காமல் வாடகைக்கு விடலாம். விலையைக் குறைத்தால் பழைய விலைக்குத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன் என்று வாக்குக் கொடுக்கலாம். இல்லாவிட்டால் பொருளின் ஆயுளையே குறைத்துவிடலாம். முதல் வழிக்குக் கோஸுக்கு முன்பே நிஜ உதாரணங்கள் இருந்தன. காலணி செய்யும் இயந்திரங்களில் ஆதிக்கம் செலுத்திய யுனைடெட் ஷூ மெஷினரி நிறுவனம் தன் முக்கிய இயந்திரங்களை விற்காமல் குத்தகைக்கு மட்டுமே விட்டது. 1953-இல் அமெரிக்க நீதிமன்றம், விற்பனைக்கும் கொடு என்று உத்தரவிட்டது. ஐ.பி.எம். நிறுவனமும் 1956-இல் அரசோடு செய்துகொண்ட உடன்பாட்டின்படி தன் இயந்திரங்களை விற்கவும் சம்மதித்தது. விற்றால் பழைய இயந்திரச் சந்தை உருவாகும், அது புதியதன் விலைக்குக் கடிவாளம் போடும் என்பதே இதில் உள்ள எண்ணம். பெட்டியில் விற்ற மென்பொருளெல்லாம் இப்போது மாதச் சந்தாவாக மாறியிருப்பதைப் பார்க்கும்போது எனக்குக் கோஸ்தான் நினைவுக்கு வருகிறார்.

மூன்றாவது வழி, அதாவது வேண்டுமென்றே சீக்கிரம் கெட்டுப்போகும்படி செய்வது, பொதுமக்களிடம் மிகவும் பிரபலமான குற்றச்சாட்டு. 1924-இல் ஒஸ்ராம், பிலிப்ஸ் போன்ற விளக்குத் தயாரிப்பாளர்கள் ஜெனீவாவை மையமாகக் கொண்டு அமைத்த ஃபீபஸ் கூட்டணி இதற்குச் சரியான சான்று. சாதாரண பல்பின் ஆயுள் 1,000 மணி நேரம் என்று வரையறுத்து, அதற்கு மேல் எரிந்தால் தயாரிப்பாளருக்கு அபராதம் போட்டார்கள். ஆனால் இதிலும் மறுபக்கம் உண்டு. இழை பல்பில் ஆயுளைக் கூட்டினால் அதே மின்சாரத்துக்குக் கிடைக்கும் வெளிச்சம் குறையும், எனவே 1,000 மணி நேரம் தொழில்நுட்பப்படி முட்டாள்தனமான தேர்வு இல்லை. கூட்டணி சேர்ந்து திணித்ததுதான் தப்பு. பீட்டர் ஸ்வான் 1970-இல், சில அனுமானங்களின் கீழ், முற்றுரிமை நிறுவனமும் போட்டி நிறுவனம் தேர்ந்தெடுக்கும் அதே ஆயுளைத்தான் தேர்ந்தெடுக்கும் என்று காட்டினார். ஏன்? இருமடங்கு உழைக்கும் பொருளுக்கு மக்கள் கூடுதல் விலை கொடுப்பார்கள், அதை அந்த நிறுவனம் ஏன் விட வேண்டும்? எனவே சந்தையில் கெட்டுப்போகும் எல்லாவற்றையும் சதி என்று எழுதுவதில் எனக்கு உடன்பாடில்லை. உதிரிபாகம் கொடுக்க மறுப்பது, பழுதுபார்க்க முடியாதபடி பூட்டி வைப்பது, இவைதான் நிஜமாகக் கேள்வி கேட்க வேண்டிய இடங்கள். பிரான்ஸ் 2021-இல் கைப்பேசி, சலவை இயந்திரம் போன்ற சில சாதனங்களுக்குப் பழுதுபார்ப்பு மதிப்பெண்ணை ஒட்டிக் காட்டச் சொன்னது அதனால்தான்.

பழைய பொருட்களின் சந்தைக்கு அதற்கே உரிய நோயும் உண்டு. காரின் குறை விற்பவருக்குத் தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது. எல்லாக் காருக்கும் சராசரி விலைதான் என்றால் நல்ல காரை வைத்திருப்பவர் விற்க வரமாட்டார், சந்தையில் மோசமானவை மிஞ்சும். ஜார்ஜ் அகெர்லாஃப் 1970-இல் எழுதிய இந்தக் கட்டுரை 2001-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைக்கக் காரணமானவற்றில் முதன்மையானது.

அப்புறம், அந்த மாதாந்தரத் தலைப்புச் செய்தி. உலகம் அதிகம் பார்ப்பது அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்புப் பணியகம் வெளியிடும் நீடித்த பொருட்களின் ஆர்டர் அறிக்கை. அது குடும்பங்கள் வாங்கியதைச் சொல்வதில்லை. ஆலைகளுக்கு வந்த ஆர்டர்களைச் சொல்கிறது, அதில் இயந்திரமும் விமானமும் போர்த் தளவாடமும் அடக்கம். ஒரு விமான நிறுவனம் ஒரே மூச்சில் நூறு விமானம் கேட்டால் அந்த மாத எண் விண்ணைத் தொடும், அடுத்த மாதம் தரைக்கு வரும். அதனால்தான் விவரம் தெரிந்தவர்கள் தலைப்பு எண்ணை விட்டுவிட்டு, பாதுகாப்புத் துறையையும் விமானங்களையும் நீக்கிய மூலதனப் பொருட்களின் வரிசையைத் தேடுகிறார்கள். நிறுவனங்கள் வரும் மாதங்களில் எவ்வளவு முதலீடு செய்ய நினைக்கின்றன என்பது அங்கே ஓரளவு தெரியும். அந்த வரிசையும் மாதத்துக்கு மாதம் துள்ளத்தான் செய்கிறது, பின்னால் திருத்தவும் படுகிறது. மூன்று நான்கு மாதம் ஒரே திசையில் போகாதவரை நான் அதிலிருந்து எந்த முடிவுக்கும் வருவதில்லை.